ஆடு மேயாத ஓடுபாதை

கனகராஜ் அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. மனசு ஏற்க மறுத்தது என்று அஞ்சலிக் கட்டுரைகளில் எழுதுவார்களே, அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பவில்லை. அவர் இதற்கு முன்பே ஒருமுறை செத்துப்போயிருக்கிறார். அந்தச் சாவுக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

இதைப் படிக்கிறவர்களில் அண்ணாச்சியை அச்சகத்துக்காரராக மட்டும் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காக எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. விளையாட்டு என்று சொன்னால் அண்ணாச்சிக்குப் பிடிக்காது, சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். அதில் உலகம் முழுக்க உண்டு, ஆனால் நம் பக்கமெல்லாம் வெறும் பொட்டலாகக் கிடக்கும். அந்தப் பொட்டலில் ஓடுபாதை, கட்டிடம், ரோடு, கண்மாய், பனைமரம் என்று உள்ளது உள்ளபடி கட்டித் தனியாக விற்பார்கள். அதற்கு ஆட்-ஆன் என்று பெயர். அண்ணாச்சி கட்டுவார். சுவருக்கும் கூரைக்கும் தாருக்கும் நிறம் ஏற்றுவதும், வாங்குகிறவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. நாங்கள் கட்டிய மதுரையில் ஜெர்மனிக்காரர் ஒருவர் தினமும் மாலையில் வந்து இறங்குவார்.

அந்த மதுரையைத்தான் ஒரு திருட்டுத் தளம் இலவசமாக அள்ளி விட்டுக்கொண்டிருந்தது. யார் எடுத்துக் கொடுத்தது என்று தெரியவில்லை. அந்தத் தளத்திலேயே போடுவதற்காக அண்ணாச்சி என்னை உட்கார வைத்துக் கடிதம் சொன்னார். எங்கள் அப்பா கனகராஜ் இறந்துவிட்டார், அவர் உழைத்துச் செய்த மூலக் கோப்புகளை அவருடைய வேலையை நேசிக்கிற ஒருவருக்கு இனாமாகக் கொடுக்க விரும்புகிறோம், பெயரும் விலாசமும் எழுதுங்கள் என்று அவருடைய மகன் எழுதுவதாகக் கடிதம். “அழுதுக்கிட்டே எழுதுன மாதிரி இருக்கணும் தங்கச்சி” என்றார். அழுதுகொண்டே எழுதினேன். கண்ணீரோடு முதலில் பதில் போட்டவர், எங்களிடம் காசு கொடுத்து வாங்கி, போனில் அண்ணாச்சியை வாய் நிறையப் புகழ்ந்த ஒரு வாடிக்கையாளர். அவருக்கு அண்ணாச்சியே போன் போட்டார். “நான் கனகராஜ் பேசுறேன். மேலேருந்து பேசுறேன்னு வச்சுக்கிடுங்க.” அந்த ஆள் அன்றோடு திருட்டை விட்டாரோ இல்லையோ, எங்களோடு பேசுவதை விட்டார்.

அப்படிப்பட்டவர் செத்துப்போனார் என்று செய்தி வந்தால் எப்படி நம்புவது? அவர் தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சந்தேகம் கூடியது. அவர்கள் தெருமுனையில் இருக்கிற பூக்கடைக்குப் போட்டேன். “ஆமாக்கா. நெஞ்சு வலின்னு சொன்னாக, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மாலைக்கு ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கு” என்றார் கடைக்காரர். மாலைக்கு ஆர்டர் கொடுத்த பிறகு யாரும் நடிக்க மாட்டார்கள் என்று விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டுகிறபோதுகூட, அண்ணாச்சி மாலைக்கும் ஆர்டர் கொடுக்கக்கூடியவர்தானே என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஓடியது.

அவரை முதலில் பார்த்த அன்றே எங்களுக்குச் சண்டைதான். விருதுநகரில் நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற கடை வைத்திருந்தேன். சிவகாசியிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்து, மாப்பிள்ளையும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் தார் ரோட்டுப் படமாகக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாத் தாரும் ஒரே நிறமாக வேண்டுமாம். நான் வேலையைத் தொடங்கியதும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“ஏன் நிக்கீக? உக்காருங்க அண்ணாச்சி.”

“இருக்கட்டும். நீங்க எங்கன சேவ் பண்றீகனு பாக்கணும்.”

முடித்துக் கொடுத்ததும் என் கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கச் சொன்னார். அழித்தேன். அழித்தது போய் விழுகிற குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். “உங்க தார் ரோட்டைத் திருடி நான் என்னத்தப் பண்ண, எங்க தெருவுக்கா போடப் போறேன்?” என்று கேட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். “கோவப்படுறவுக திருட மாட்டாக. திருடுறவுக சிரிச்சுக்கிட்டே அழிச்சிருப்பாக” என்றார். அது அவருடைய கணக்கு. அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி, நீ, வா, போ.

சந்தேகம் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா காலத்திலிருந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற குடும்பம். சிவகாசியில் ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அடுத்த சீசனுக்குள் அதைப் போலவே இன்னொன்று கிளம்பிவிடும். இங்கே கிளி என்றால் எதிர்த்த தெருவிலும் கிளி. அதனால் லேபிளில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தப்பை வைப்பார்கள். கிளியின் காலில் ஒரு விரலைக் குறைத்துவிடுவார்கள். பார்த்து அடிக்கிறவன் அந்தத் தப்பையும் சேர்த்து அடிப்பான், பஞ்சாயத்தில் மாட்டிக்கொள்வான். இதற்குக் குறி வைப்பது என்று பெயர். ஆனால் குறி வைப்பதற்கு முன்னால் தப்பில்லாத தாள் ஒன்றை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். அண்ணாச்சி வீட்டுச் சுவரில் எல்லா விரலும் உள்ள கிளி இன்றைக்கும் இருக்கிறது. “வெளிய போறதுக்குத்தான் குறி. வீட்டுக்குப் போடுறதுல வைக்கப்படாது. வீட்டுலயும் வச்சா அப்புறம் அது வீடா” என்பார்.

எங்கள் குறி ஆடு. மதுரையைப் புதுப்பிப்பதற்காகக் காரியாபட்டிப் பக்கம் போய், விமான நிலைய வேலிக்கு வெளியே இருக்கிற காடுகரைகளை ரோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஓர் ஆடு வந்து நின்றது. போலீஸ்காரர் ஒருவரும் வந்து நின்றார்.

“எதுக்கு இங்கன நின்னு படம் எடுக்கீக?”

“இதே மாதிரி கம்ப்யூட்டர்ல ஒண்ணு கட்டப் போறோம் சார்.”

“இதான் இங்க இருக்கே. எதுக்கு இன்னொண்ணு?”

அண்ணாச்சி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். ஆதார் அட்டையைப் பார்த்து, படங்களைப் பார்த்து, எல்லாவற்றிலும் ஆடு நிற்பதைப் பார்த்து, எங்களைக் கிறுக்கர்கள் என்று முடிவு செய்து அனுப்பிவிட்டார். திரும்புகிற வழியில் அண்ணாச்சி கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. நல்ல போலீஸ்காரர், அப்படித்தான் சந்தேகப்படணும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மல்லாங்கிணறு விலக்கில் டீ குடிக்கும்போது திடீரென்று, “ஏ தங்கச்சி, அந்த ஆட்டைத்தான் குறியா வைக்கப் போறேன்” என்றார்.

அவர் போய்விட்டார், இனிமேல் சொன்னால் குற்றமில்லை. எங்களிடம் வாங்கிய ஒவ்வொருவருடைய பிரதியிலும் வேலிக்கு வெளியே எங்கேயோ ஓர் ஆடு மேய்கிறது. ஒருவர் பிரதியில் மேய்கிற இடத்தில் இன்னொருவர் பிரதியில் மேயாது. பிரதி எடுக்கிற புரோகிராமையே அப்படித்தான் எழுதினார். வாங்குகிறவர் பெயரைக் கொடுத்தால் அதுவே ஆட்டைக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்திவிடும். ஆடு நிற்காமல் அது பிரதியே எடுக்காது. திருட்டுத் தளத்தில் எங்கள் சரக்கு வந்தால், இறக்கிப் பார்த்து ஆடு எங்கே நிற்கிறது என்று தேடினால் போதும். யார் வீட்டிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கண்ணியும் வைத்தார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காசு கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கிற பூட்டை உடைத்து எடுத்த பிரதியாக இருந்தால், சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் இருக்காது, தரை தெரியும். காசு கொடுத்தவர்களுக்கு அணை நிறைந்து கிடக்கும். திருடியவன் ஏமாந்துபோவான் என்பது அண்ணாச்சியின் எண்ணம். நடந்தது வேறு. ஒரு டாக்டர் எழுதினார்: ஐயா, நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், ஆனைக்குட்டம் காய்ந்து கிடப்பதை இவ்வளவு தத்ரூபமாக வேறு யாரும் செய்ததில்லை, கண் கலங்கிவிட்டது. அவரைத் தொடர்ந்து துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பாராட்டு வந்து குவிந்தது. பாராட்டிய அத்தனை பேரும் திருட்டுப் பிரதிக்காரர்கள். அண்ணாச்சி டாக்டருக்கு மரியாதையாகப் பதில் போடச் சொன்னார். “பாராட்டுக்கு நன்றி ஐயா. காசு குடுத்தவங்களுக்குத் தண்ணி உண்டு.” டாக்டர் மறுநாளே காசு கட்டினார். காய்ந்த ஆனைக்குட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கட்டுரையையும் படித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஊரையெல்லாம் பிடிக்கிறாரே, இவர் யோக்கியமா என்று எனக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. கேட்டும்விட்டேன். “உங்க பிரஸ்ல லேபிள் டிசைன் பண்றீகளே, அந்த சாப்ட்வேருக்குக் காசு குடுத்தீகளா அண்ணாச்சி?” முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் இருந்த தம்பிதான் பதில் சொன்னார்: “ஊரே அப்படித்தானக்கா ஓட்டுது.” அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பி, “ஊரு திருடுனா நம்ம திருட்டு கொறஞ்சிருமாலே?” என்று தம்பியைக் கேட்டார். அந்த சீசன் முடிந்ததும் பிரஸ்ஸில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் காசு கட்டி வாங்கிப் போட்டார். பிழைக்கத் தெரியாதவர் என்று பஜாரில் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனி எழுதப்போவது எனக்குக் கசப்பான கதை. இதை எழுதாமல் அவரைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

தூத்துக்குடியைக் கட்டி முடித்திருந்தோம். விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் சரிபார்ப்பதற்காக எனக்கு ஒரு பிரதி கொடுப்பார். அதில் பூட்டு இருக்காது, ஆடு மட்டும் இருக்கும். எதையும் இன்டர்நெட்டில் அனுப்ப மாட்டார். “வழியில எவன் எடுப்பான்னு தெரியாது. கைக்குக் கைதான் பத்திரம்” என்று பென்டிரைவில் கொண்டுவந்து தருவார். அந்த முறை ஆயுத பூஜை முடிந்து கொண்டுவந்ததால் பென்டிரைவில் சந்தனப் பொட்டு இருந்தது. நான் பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிரதிகூட விற்காத தூத்துக்குடி, திருட்டுத் தளத்தில் இலவசமாக வந்துவிட்டது.

அண்ணாச்சி கடைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. வழக்கமாக “என்ன தங்கச்சி, சாப்பிட்டியா” என்று கேட்டுக்கொண்டே நுழைகிறவர், “கொஞ்சம் கம்ப்யூட்டரைத் திறங்க” என்றார். அந்த ‘ங்க’ எனக்குச் சுருக்கென்றது. திருட்டுப் பிரதியைத் திறந்து, தெற்கு வேலியோரம் இரட்டைப் பனைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்.

“உங்க ஆடு மேயுது” என்றார்.

என் பிரதியைத் திறந்தோம். அதே இரட்டைப் பனை, அதே ஆடு.

“என் கையிலேருந்து உங்க கைக்குத்தான் வந்துச்சு. நடுவுல ஆளு இல்ல” என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்று நான் கத்தியிருந்தால், பென்டிரைவைத் தூக்கி எறிந்திருந்தால், அவர் கணக்குப்படி நான் யோக்கியம் என்று ஆகியிருக்கும். கோபப்படுகிறவர்கள் திருட மாட்டார்கள் அல்லவா. நான் வாயடைத்து நின்றேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

நான் எடுக்கவில்லை. அப்படியானால் யார்? சந்தேகம் படர்தாமரை மாதிரி, அவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். கடைக்கு ஆல்பம் வாங்க வருகிறவர்கள் மேஜைப் பக்கம் வந்தால் எரிந்து விழுந்தேன். என் வீட்டுக்காரர் மல்லி, வத்தல் வியாபாரம் செய்கிறவர். அவருடைய செல்போனை எடுத்து நோண்டினேன். “என் மேலயேவா? ஏரோபிளேனுக்கு எந்தப் பக்கம் மூக்குன்னுகூட எனக்குத் தெரியாதே” என்று பாவமாகக் கேட்டார். ஒரு கட்டத்தில் அண்ணாச்சியையே சந்தேகப்பட்டேன். என்னைக் கழற்றிவிடுவதற்காக அவரே விட்டிருப்பாரோ? செத்துப்போனதாகக் கடிதம் எழுதியவர்தானே?

ஆனால் கழற்றிவிடவும் இல்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கொச்சியைக் கட்டினோம், திருவனந்தபுரத்தைக் கட்டினோம். அவர் வருவார், “வாங்க, இருக்கீகளா” என்று கேட்பார், கொடுப்பார், வாங்குவார், போவார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்றைக்காவது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். நான் ஏன் விட்டு விலகவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். விலகினால் திருடியதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் வாயால் ‘நீ இல்லை தங்கச்சி’ என்று ஒரு வார்த்தை. அதை வாங்காமல் போவதில்லை என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

வீம்புக்கு நானும் ஒரு குறி வைத்துப் பார்த்தேன். கொச்சிக்காகச் செய்துகொடுத்த வீட்டு முகப்புப் படம் ஒன்றில், வாசல் கோலத்தில் ஒரு புள்ளியைக் கூட்டி வைத்தேன். என் படத்தை அவர் வேறு யாருக்காவது கொடுக்கிறாரா என்று பார்க்கத்தான். அன்று மாலையே போன் வந்தது.

“கோலத்துல ஒரு புள்ளி கூட இருக்கு. வேணும்னு வச்சீகளா?”

“ஆமா.”

“சரி, இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம் இருந்த மாதிரிகூட இருந்தது. என்ன மனுஷன் இவர் என்று எரிச்சலாக வந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது என் வீட்டு வாசலில். கடைக்கு வராமல் வீட்டுக்கு ஏன் வந்தார் என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எல்லா ஊரையும் சேர்த்துப் புதுப்பித்த பிரதி என்று ஒரு பென்டிரைவை நீட்டினார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

“பாத்துட்டுச் சொல்லு தங்கச்சி” என்றார்.

“என்னத்தச் சொல்ல?”

“பாரு. பாத்தாத் தெரியும்.”

பாரு என்றார், சொல்லு என்றார், தங்கச்சி என்றார். அவ்வளவு காலம் கழித்து ஒரு மனிதர் இப்படிப் பேசினால் வேறு யாராக இருந்தாலும் உருகியிருப்பார்கள். நான் அவரிடம் பழகியவள். ஓகோ, புதுக் கண்ணி போல, இதையும் வெளியே விடுகிறேனா என்று பார்க்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். பென்டிரைவைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திறந்தே பார்க்கவில்லை. வெளியே போனால் என்மேல் வரக் கூடாதே.

சிவகாசியில் வீடு நிறையக் கூட்டம். பிரஸ்காரர்களும், பட்டாசுக் கம்பெனிக்காரர்களும், லேபிள் ஒட்டுகிற பெண்களும் வந்திருந்தார்கள். அண்ணாச்சியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்போதுதான் முழுசாக நம்பினேன். அழுகையைவிட முதலில் ஆத்திரம்தான் வந்தது. சொல்லாமலே போய்விட்டீரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே எல்லா விரலோடும் அந்தக் கிளி.

பக்கத்து வரிசையில் செல்வம் என்பவர் உட்கார்ந்திருந்தார். அச்சடிப்பதற்கு முன்னால் லேபிள் படத்தை அலுமினியத் தகட்டில் ஏற்றுவார்கள். சிவகாசியில் அதற்கென்று தனியாகக் கடைகள் உண்டு, பிளேட் கடை என்பார்கள். அப்படி ஒரு கடை வைத்திருக்கிறவர். அவராகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

“நீங்கதான அந்த ஏரோபிளேன் வேலை பாக்குற அக்கா? போன வருசம் அண்ணாச்சி நம்ம கடைக்கு வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தாக, உங்களைப் பத்திச் சொன்னாக.”

“என்ன சொன்னாக?”

“பழைய சிஸ்டத்தை எடைக்குப் போடலாம்னு துடைச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணாச்சி பிரஸ் பேருல ஒரு போல்டர். திறந்தா லேபிள் இல்ல, தூத்துக்குடி ஏர்ப்போர்ட்டு. என்ன அண்ணாச்சி இதுன்னு கூப்பிட்டுக் காட்டினேன். தேதியைப் பாத்தாக. ஆயுத பூசைக்கு மறுநா. அப்படியே உக்காந்துட்டாக.”

ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி மிஷின் முன்னால் லேபிள் பென்டிரைவையும் தூத்துக்குடி பென்டிரைவையும் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டுக்கும் சந்தனம், இரண்டுக்கும் குங்குமம், இரண்டும் ஒரே கம்பெனி. மறுநாள் லேபிளுக்குப் பிளேட் போட வேண்டும். அண்ணாச்சியே பிளேட் கடைக்குக் கொண்டுபோய்த் தன் கையால் கொடுத்திருக்கிறார். லேபிள் இல்லையே என்று செல்வம் சொன்னதும், மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்று திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதைத்தான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

“திருப்பி வாங்கிட்டாகல்ல, அப்புறம் எப்படி உங்க சிஸ்டத்துல வந்துச்சு?”

“எந்தப் பென்டிரைவ் வந்தாலும் சொருகுனதும் மொத்தத்தையும் உள்ள போட்டுக்கிடுவோம்க்கா. பின்னால பைலைக் காணோம்னு பார்ட்டி சண்டைக்கு வந்துரக் கூடாதுல்ல. எல்லாக் கடையிலயும் வழக்கந்தான. அண்ணாச்சிக்கும் தெரியும். அப்ப எங்கிட்ட இருந்த ஆபரேட்டருக்கு இந்த ஏரோபிளேன் பைத்தியம் உண்டு. அவன் வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு.”

அண்ணாச்சிக்கும் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எங்கே சேவ் செய்கிறேன் என்று நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தவர். வாடிக்கையாளர், டாக்டர், ஜெர்மனிக்காரர், நான் என்று ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டவர். தினமும் போய் வருகிற பிளேட் கடையை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஊரே செய்கிற காரியம் என்பதால் அது காப்பி எடுப்பதாகவே அவர் கண்ணில் படவில்லை.

“என்னைப் பத்தி என்ன சொன்னாக?” என்று மறுபடியும் கேட்டேன்.

“தங்கச்சி மேல பழியப் போட்டுட்டேனே செல்வம், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்னாக.”

ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் படுத்திருக்கிறவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் மயானத்துக்குப் போன பிறகு, அவர் மனைவி மரகதம் மதினி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வீட்டுக்கு வந்து ஏதோ குடுத்தாகளாமே. அதுலேருந்து தெனமும் கேப்பாக. தங்கச்சி போன் பண்ணுச்சா, தங்கச்சி போன் பண்ணுச்சான்னு. நீங்களே பண்ணிக் கேளுங்களேன்னு சொன்னேன். இல்ல, அது பாத்துட்டுச் சொல்லணும்னாக. தப்பு தம்மேலன்னு தெரிஞ்சா அவுகளுக்கு வாய் வராது. நீங்க பாத்தீகளா?”

“இல்ல மதினி” என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் மதுரை. விமானமெல்லாம் வேண்டாம், இறங்கி நடந்தே போகலாம் என்று வேலியோரமாக ஒரு சுற்று வந்தேன். ஆடு இல்லை. பார்வையில் படவில்லை போலும் என்று இன்னொரு சுற்று வந்தேன். இல்லை. தூத்துக்குடிக்குப் போனேன், தெற்கு வேலி, இரட்டைப் பனை. பனைக்குக் கீழே வெறும் மணல்தான். கொச்சி, திருவனந்தபுரம், எங்கேயும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஆட்டை விட்டுவிட்டு வேறு எதையாவது குறியாக வைத்திருப்பாரோ என்று ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு கூரையாக, விற்பனைக்கு வைத்திருந்த பிரதியோடு வைத்து ஒப்பிட்டேன். பிரதி எடுக்கிற புரோகிராமை அவருடைய தம்பியிடம் கேட்டு வாங்கி, அதையும் ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆடு இல்லாத பிரதியை அது எடுக்காது. அப்படியானால் அண்ணாச்சியே உட்கார்ந்து, ஊர் ஊராகப் போய், தன் கையால் ஆட்டைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறார்.

கடைசியில் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அணை நிறையத் தண்ணீர் இருந்தது.

வீட்டுக்குப் போடுவதில் குறி வைக்கக் கூடாது என்று அவர் சொன்னது அங்கேதான் ஞாபகம் வந்தது. சொல்ல வாய் வராத மனிதர் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அது என்னோடு இருக்கும்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பென்டிரைவ்தான். கூடவே அவருடைய சந்தேகப் புத்தியும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் என் பின்னால் யாராவது நின்றால் திரும்பிப் பார்க்காமல் சேவ் செய்வதில்லை. பென்டிரைவை யாரிடமும் காட்டுவதும் இல்லை. அது நாளைக்கே வெளியே போனாலும், யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர், அதைத் தெரிந்தேதான் என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்.

பாத்துட்டேன் அண்ணாச்சி.